பள்ளிக்கூடமும் களரியும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் இரண்டு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். காஞ்சிபுரத்துக்கும் செய்யாறுக்கும் நடுவிலுள்ள கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகின காட்சி. பங்குனி, சித்திரையில் தொடங்கும் பாரதத் திருவிழாக்கள் ஊர் ஊராக நகர்ந்து ஆடி, ஆவணி வரை நடக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அப்பனோ மாமனோ ஆடினால் பிள்ளையும் கூடப் போகும். முதலில் தாளம் தட்டும், பிறகு பின்பாட்டுப் பாடும், அப்புறம் பாலகிருஷ்ணனாகவோ அபிமன்யுவாகவோ வேஷம் கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் பொழுது விடிந்துதான் முடியும். அரிதாரத்தை எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பிரேயரில் நிற்கிற பிள்ளையின் காதோரத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும். வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நேற்று ராத்திரி எந்த ஊரில் கூத்து என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் தமிழாசிரியை. என் வேலை அவர்களை எழுப்புவது.

1990-களின் கடைசியில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இன்று அவனே பிள்ளை குட்டியுள்ள மனிதன். அதனால் பெயர் வேண்டாம். மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் மூச்சு வாங்காமல் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவன் அதை விருத்தமாக இழுத்துப் பாடுவான். பக்கத்து வகுப்பு அமைதியாகிவிடும். ஒருநாள் அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்கள் பக்கத்து ஜமா ஒன்றில் கர்ணன் வேஷம் கட்டுகிறவர். தோளில் துண்டு, கண்ணில் ராத்தூக்கம் விட்ட சிவப்பு.

“டீச்சர், ஜமாவுல அச்சாரம் வாங்கிட்டேன். இந்த சீசனுக்குப் பையன் கூட வந்தாவணும். அடுத்த வருசம் கொண்டாந்து வுடறேன், சேத்துக்குங்க.”

“அடுத்த வருசம் யாருங்க திரும்பி வந்திருக்காங்க? பத்தாவது முடிக்கட்டும். அப்புறம் கூத்துக்குப் போகட்டுமே.”

“பத்தாவது முடிச்சவன் கூத்துக்கு வரமாட்டான் டீச்சர். கொரலு ஒடஞ்சிடும். ஒடம்பு வளையாது. எல்லாத்துக்கும் மேல, வெக்கம் வந்துடும்.”

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதும் உண்மை என்று அவருக்குத் தெரியும். தலைமையாசிரியரும் நானும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அச்சாரப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களால் ஆனதைச் செய்தோம். பையன் பள்ளியிலேயே இருந்தான். பிளஸ் டூ முடித்தான், ஐ.டி.ஐ. படித்தான், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனான். வீடு கட்டினான், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தான். இன்னொரு முறை அதே அப்பா அதே கண்ணோடு வந்து நின்றாலும் நான் அதையேதான் சொல்வேன்.

ஆனாலும் ஒன்று மனதில் அறுத்துக்கொண்டே இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து அந்த அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் கருமாதியை ஒட்டிய ராத்திரியில் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். கொடுத்துக் கொடுத்தே வாழ்ந்தவன், கடைசியில் செய்த புண்ணியத்தையும் கிழட்டுப் பிராமணனாக வந்த கிருஷ்ணனுக்குத் தாரை வார்த்துவிட்டுச் சாகிறான். செத்தவரை வழியனுப்ப அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. பிறப்பைச் சொல்லி அதுவரை இழித்துப் பேசிய பொன்னுருவி போருக்குப் போகிற புருஷனை மறிக்கும் இடத்திலும், களத்தில் குந்தி மகனை மடியில் போட்டு அழும் இடத்திலும் கூடியிருக்கிற பெண்கள் தங்கள் சாவுகளையெல்லாம் சேர்த்து அழுவார்கள். வீட்டில் அடக்கிவைத்த அழுகைக்கு ஊரே சேர்ந்து இடம் கொடுக்கிற ராத்திரி அது. அன்றைக்கு அந்த ஜமாக்காரர்கள் தங்கள் கர்ணனுக்காகவே கர்ண மோட்சம் ஆடினார்கள்.

மகன் மொட்டைத் தலையோடு எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். கர்ணனாக வந்தவர் பாடப் பாட இவன் உதடும் அசைந்தது. ஒரு வரி தப்பவில்லை. நடுவில் என் பக்கம் சாய்ந்து, “இந்த எடத்துல அப்பா ஒரு கிறிக்கி கூடப் போடுவாரு டீச்சர்” என்றான். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. யார் மேலும் வருத்தமும் இல்லை. ஒரு தகவல்போலச் சொன்னான். அந்த ஒரு கூடுதல் கிறிக்கியை இனி யார் போடுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அது அவன் உடம்பில் இருக்க வேண்டியது. அவனைப் படிக்க வைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே இந்த நினைப்பும் உட்கார்ந்திருக்கிறது.

கிறிக்கி என்பது நின்ற இடத்திலேயே கட்டை வேஷத்தோடு சுற்றிச் சுழல்வது. அதைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கே அது வரும். எங்கள் ஊரில் கூத்து நடக்கும் களரியில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பாயை விரித்து நானும் சித்திப் பெண்களும் உட்காருவோம். மற்ற பிள்ளைகள் கட்டியங்காரன் வந்து பேசினால் சிரித்துவிட்டுத் தூங்கிப்போவார்கள். நான் துரியோதனனுக்காக விழித்திருப்பேன். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால். உள்ளேயிருந்து குரல். டோலக்கும் மிருதங்கமும் ஏறும், முகவீணை குரலைப் பிடித்துக்கொண்டு மேலே போகும், திரை படபடவென்று ஆடும், ஆனால் விலகாது. விலகும்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டுகள் ஒரேயடியாகப் பளீரிடும். அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மரம் லேசானது. லேசாக இருந்தால்தானே விடிய விடியச் சுமந்து ஆட முடியும்?

எனக்குத் திரௌபதியாக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. துரியோதனனாக வேண்டும். வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத மத்தியான வேளையில் முறத்தைத் தோளில் கட்டிக்கொண்டு கிறிக்கி போடுவேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. “நல்லாத்தான் சுத்துற. ஆனா பொம்பளப்புள்ள களரியில எறங்க முடியாதுடி” என்று சொல்லி முறத்தை வாங்கிக்கொண்டு போனாள். தடுத்தது அம்மா அல்ல. அன்று எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டினார்கள். ராத்திரிப் பயணம், ஊர் ஊராகத் தங்குவது, குடித்துவிட்டு வந்து முன்னால் நிற்கிறவர்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது கேட்கிற கேள்விகள். அம்மா அத்தனையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

இந்த இரண்டு கதையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் புஞ்சை அரசந்தாங்கலுக்குப் போனேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே கட்டைக்கூத்துக் குருகுலம் 2002-ல் தொடங்கியது. நடத்தியவர் பெ. ராஜகோபால். பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகன். அப்பாவின் ஜமாவில் ஆட வந்தபோது அவருக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. பிறகு நடிகராகவும் நாடகங்களை எழுதி இயக்குபவராகவும் வாத்தியாராகவும் பெரிய பேர் எடுத்தார். ஆனால் தன்னிடம் வரும் பிள்ளைக்குத் தனக்கு நேர்ந்தது நேரக்கூடாது என்று நினைத்தார். 1990-ல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த கட்டைக்கூத்துச் சங்கத்தில் அவரும், கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அவருடைய மனைவி ஹன்னே டி புருயினும் முன்னின்றார்கள். அந்தச் சங்கத்திலிருந்துதான் குருகுலம் பிறந்தது. ஒரே வளாகத்தில் தங்கும் இடம், பள்ளிப் பாடம், கூத்துப் பயிற்சி. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும்.

ஒரு வரியில் எழுதிவிட்டேன், “பள்ளிப் பாடம், கூத்துப் பயிற்சி” என்று. அந்தப் பையனின் அப்பாவும் நானும் மணிக்கணக்கில் பேசியும் ஒன்றாக்க முடியாமல் போன இரண்டும் அவைதான். அவர் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று என்று பிடித்து இழுத்தோம். இங்கே ஒருவர் இரண்டையும் ஒரு நாளின் பொழுதுக்குள் அடுக்கிக் காட்டியிருந்தார். இதற்கு அரசுத் திட்டமோ பெரிய தத்துவமோ தேவைப்படவில்லை. படிப்பை இழந்த வலியை மறக்காத ஒரு கூத்துக்காரர் தேவைப்பட்டார்.

அங்கே ஒரு பெண் பிள்ளைக்கு வேஷம் கட்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் உடம்புக்குத் துணி சுற்றித் திண்டு வைத்தார்கள். அதன்மேல் கயிறு. புஜக்கட்டையை வைத்துக் கயிற்றை இழுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னும் இறுக்கு” என்றாள். தளர்ந்தால் சுற்றும்போது கழன்றுவிடும். கிரீடத்தைக் கட்டுமுன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்து நின்றதும் நடை மாறிவிட்டது. கால் அகன்று, தோள் பின்னால் போய், கை இடுப்பிலிருந்து விலகி நின்றது. முறத்தைக் கட்டிக்கொண்டு எனக்குக் கிடைத்தது இதில் கால்வாசி இருக்குமா? அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தபோது என்னால் பேச முடியவில்லை. பொறாமைதான். அந்த வயதில் வந்த பொறாமையைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.

ஒரு கலை மையத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை. எங்கள் வட்டாரத்துக்கே பெருமை சேர்க்கிற ஊர் புரிசை. அங்குள்ள கண்ணப்ப தம்பிரான் பரம்பரையைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி போன்றவர்கள் கூத்தை நவீன நாடகத்தின் பக்கம் கொண்டுபோனார்கள். பாரிஸின் தியாத்ர் து சொலேய் குழு 2016-ல் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தை மேடையேற்றியபோது அதன் நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். கட்டைக்கூத்துக் கலைஞர்களோடு சங்கீதா சிவகுமாரும் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து கர்னாடக சங்கீதத்தையும் கூத்தையும் ஒரே மேடையில் வைத்தார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள். கூத்தாடுகிறவன் என்று திண்ணைக்குக் கீழே நிற்க வைத்தவர்கள், வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வந்து கும்பிடுவதைப் பார்த்த பிறகுதான் நாற்காலி போட்டார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலி வேண்டியதுதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்த மரியாதை. ஊர் தானாகக் கொடுக்கிற மரியாதை வேறு. அது வெற்றிலை பாக்கில் இருக்கிறது. விழாக் கமிட்டி தலைக்கட்டு வரி பிரித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் பணமும் வைத்து, “இந்தத் தேதிக்கு எங்க ஊருக்கு வந்து ஆடுங்க” என்று கூப்பிட வேண்டும். பட்டணத்துச் சபாவில் கைதட்டல் வாங்கிய பெண்ணை எங்கள் ஊர் கூப்பிடுமா? அதுதான் அளவு என்று எனக்குப் பட்டது.

அந்தக் கேள்வி எங்கள் ஊருக்கே வந்தது. ஒரு வருஷம் பாரதத்துக்கு ஜமா பேசும்போது, பெண்களும் ஆடுகிற ஜமா ஒன்றைக் கூப்பிடலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். கோயில் திண்ணையில் பெரிய வாக்குவாதம். “அம்மன் கோயில் காரியம், தீட்டுப் பட்டா யார் பொறுப்பு?” என்றார் ஒரு பெரியவர். “அம்மனே பொம்பளதானே மாமா?” என்று என் தம்பி மகன் கேட்டுவிட, அவர் எழுந்தே போய்விட்டார். மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படுகளத்துக்கு வழக்கமான ஜமா. அதற்கு முன்னால் ஒரு ராத்திரி, அபிமன்யு வதத்துக்கு மட்டும், பெண்கள் உள்ள ஜமா. முழு வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன். மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி நடக்கும் அந்த உச்சக் காரியத்தில் பெண்ணுக்கு இன்னும் இடமில்லை. ஆனால் எங்கள் அம்மா சொன்ன வாக்கியம் அந்த ஒரு ராத்திரிக்குச் செல்லாமல் போயிற்று.

அன்று திரைக்குப் பின்னால் துரியோதனனாக நின்றது ஒரு பெண். கூட்டத்துக்குத் தெரியும். பெண்கள் பக்கம் கிசுகிசு. திரை விலகியது, ஆட்டம் ஏறியது, நடுச்சாமத்துக்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஆட்டத்தை எவ்வளவு பார்த்தேனோ அவ்வளவு அந்தப் பெரியவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் புளிய மரத்தடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூத்தில் அவர் ஊறிப்போனவர். எந்த ஜமா வந்தாலும் விடிந்ததும் வேஷக்காரர்களை நிறுத்திக் குற்றம் குறை சொல்லாமல் விடமாட்டார்.

விடிந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் கிரீடத்தை அவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நேராகப் போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. “ஏம்மா, ரெண்டாவது தருவுல தாளத்த விட்டுட்டியே, டோலக்குக்காரன் இழுத்துப் புடிச்சான், இல்லன்னா மானம் போயிருக்கும். கொரல அவ்வளவு மேல எடுத்தா விடியற வரைக்கும் எப்படித் தாங்கும்? மொதல்லயே அடக்கிப் பாடு” என்று கத்தினார். அவள் தலையாட்டி, “சரிங்க தாத்தா” என்றாள். ஆண் வேஷக்காரனை எந்தக் குரலில் திட்டுவாரோ அதே குரல். பாராட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நிம்மதி வந்திருக்காது. பெண் என்று அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. தாளம் போனது என்றால் போனதுதான்.

புஞ்சை அரசந்தாங்கலில் பயின்ற பெண்களில் ஒருவர் இன்று தானே ஒரு ஜமாவை நடத்துகிறார். பேரம் பேசுகிறார், அச்சாரம் வாங்குகிறார், ஆட்களைச் சேர்க்கிறார். பள்ளியில் கணக்குப் படித்தவர் ஜமா கணக்கை எழுதுகிறார் என்று நினைக்கும்போது ஆசிரியையாகிய எனக்குத் தனிச் சந்தோஷம்.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. சங்கத்தின் வேலை நடக்கிறது; தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளி இல்லை. அதே வருஷம் பொதுமுடக்கம் வந்து பங்குனி, சித்திரையில் கோயில்கள் சாத்தியிருந்தன. கூத்துக்காரர்களுக்கு அதுதான் சம்பாதிக்கிற காலம். எங்கள் பக்கம் கர்ணனும் பீமனும் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். சிலர் திரும்பிவரவில்லை. குருகுலம் மூடிய செய்தி கேட்டபோது நான் அழுதேன். அப்புறம் கணக்குப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் ஓர் இடம் திறந்திருந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்துக்கொண்டே ஆடினார்கள், பெண்கள் கட்டை வேஷம் கட்டினார்கள், எங்கள் ஊர்த் திண்ணையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. இதில் எதையும் பூட்டுப் போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அடுத்த பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்கு இந்த ஆறுதல் பதில் ஆகாது.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம். நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் பல பள்ளிகளில் பாட்டு பென் டிரைவில் வருகிறது, வேஷம் வாடகைக் கடையிலிருந்து வருகிறது, மூன்று வாரப் பயிற்சி, பரிசு, அதோடு முடிந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கூத்து வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவரை அழைத்து வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். தாளம் மூன்று வாரத்தில் உடம்பில் இறங்காது. இதை நான் அதிகாரிகளிடம் எழுதியும் நேரிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித்தர ஏற்பாடு செய்தோம். வாத்தியார் ஒரு ஜமாவில் ஆடுகிறவர். கூத்து முடிந்ததும் அதே மண்டபத்தில் நான் அவர்களை உட்கார வைத்துப் பாடம் பார்க்கிறேன். பெண் பிள்ளைகளை மாதவிடாய் நாளில் அனுப்புவதா வேண்டாமா என்று வந்த பேச்சை அம்மாக்களிடமே விட்டோம், அவர்கள் அனுப்புகிறார்கள். தீராமல் இருப்பது பங்குனி விவகாரம். வாத்தியார், “டீச்சர், மண்டபத்துல ஆடறது ஆட்டம் இல்ல. விடிய விடியக் களரியில நின்னாத்தான் புள்ளைக்கு மூச்சு தெரியும்” என்கிறார். எனக்கோ அந்த மாதம் பரீட்சை மாதம். வெள்ளி, சனி ராத்திரி மட்டும், அதுவும் எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் மட்டும் என்று நான் சொல்கிறேன். கூத்து எந்த ஊரில் எந்தக் கிழமையில் விழும் என்பது நம் கையிலா இருக்கிறது என்று அவர் கேட்கிறார். அதுவும் நியாயம்தான். அடுத்த வாரம் பெற்றோரையும் வைத்து மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.